சீமைக்கோல்

ஆகஸ்ட் 3, 1998

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் மாலை பஸ்ஸில் போய்விட்டார்கள். பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். பந்தல்காரர் வந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார். வீடு அகலமாகிவிட்டது.

அம்மாவின் தையல் மெஷினைத் துண்டு போட்டு மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் தைக்காத துணிகள், சின்னச் சின்ன மூட்டைகளாக. ஒவ்வொன்றிலும் அம்மா அளவு எழுதிய துண்டுச்சீட்டு குத்தியிருக்கிறது.

கடைசியாகக் கிளம்பியவர் சென்னியப்பன் அண்ணன். மில்லுக்குப் பெண்பிள்ளைகளை வேனில் கூட்டிப்போகிறவர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் திரும்பக் கொண்டுவந்ததும் அந்த வேனில்தான். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. என்ற வீட்டுல இருந்து ஒரு புள்ளைய அனுப்பறேன்."

மில் விடுதியிலேயே தங்கி மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். கோகிலா அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நான் பத்தாவது படிக்கிறேன். அதனால் போவது அக்காதான் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அப்போது தேங்காய் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 5

துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லோரும் முதலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு மூட்டையைப் பார்க்கிறார்கள். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

வள்ளிநாயகி அக்கா மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் மகள் பிருந்தாவுக்கு ஆவணியில் கல்யாணம். பிருந்தா பெங்களூரில் வேலை செய்கிறாள். போன முறை வந்தபோது அம்மா அளவெடுத்து வைத்திருந்தாள். அரக்குப் பட்டு ரவிக்கைத் துணி.

"ஏன் கோகிலா, உங்கம்மா எழுதி வெச்சிருக்கறாளே, அதப் பாத்து நீயே வெட்டித் தெச்சிரு. பக்கத்துல இருந்து பாத்தவதான நீயி?"

"நான் ஊக்கு வெக்கறது, காஜா எடுக்கறது, ஓரம் அடிக்கறதுதானுங்க்கா. வெட்டுனதில்ல."

"கொண்டுபோயி டவுன்ல குடுத்தா புள்ளையக் கூட்டிட்டு வாங்கன்னுவான். அவ வாரதே கல்யாணத்துக்கு மூணு நாளு முந்தி. இருபத்திரண்டாந் தேதி வரைக்கும் பாக்கறேன் அம்மிணி. ஆகலைன்னா எடுத்துக்கறேன்."

அவர் போன பிறகு அக்கா சீட்டைப் பிரித்துப் படித்தாள். மார்பும் இடுப்பும் அங்குலத்தில் இருந்தன. மற்றவை இப்படி: முன் கழுத்து இ 7. பின் கழுத்து இ 9. கை சி 11. தோள் பி 4.

"இதை எப்படிடி வெட்டறது?" என்றாள்.

ஆகஸ்ட் 6

இ, சி, பி எல்லாம் சீமைக்கோலில் இருக்கின்றன. அம்மா வைத்த பெயர் அது. நான் பிறப்பதற்கு முன் சூலூர்ச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கினாளாம். அதைப் பற்றி முறையாக எழுதி வைக்கிறேன்.

நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளை நிறம், ஓரங்களில் பழுப்பு. தோல் உறை உண்டு. நடுவில் கண்ணாடி போன்ற ஒரு தகடு இப்படியும் அப்படியும் நகர்கிறது, அதில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோலின் மேல் வரிசை வரிசையாக அளவுக்கோடுகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆங்கில எழுத்து. வரிசைக்கு வரிசை இடைவெளி வேறு: பி வரிசையில் கோடுகள் நெருக்கம், இ வரிசையில் தள்ளித் தள்ளி.

கோலின் நடுவே ஒரு படம். நீளமான உடம்பு, இரண்டு பக்கமும் விரித்த கைகள், கீழே இன்னும் இரண்டு குட்டிக் கைகள். உடம்பின் குறுக்கே கோடுகள் போட்டு அதே எழுத்துகளை எழுதியிருக்கிறது. அம்மா எனக்கு இந்தப் படத்தை விளக்கியிருக்கிறாள். இது வெள்ளைக்காரத் தையல்காரர்களுடைய கோல். பெரிய கை பெரியவர்கள் சட்டைக்கு, சின்னக் கை குழந்தைச் சட்டைக்கு. பெரிய கைகளில் உப்பலாக இரண்டு இடங்கள் இருப்பது பஃப் வைக்கிறவர்களுக்கு. "கழுத்த மட்டும் வெட்டாம உட்டிருக்கறான் பாரு. அது நம்ம இஷ்டம்" என்பாள்.

ஆகஸ்ட் 8

பள்ளி நூலகத்திலிருந்து அகராதி எடுத்து வந்தேன். கோலின் தலைப்பில் 'லோட் அட்ஜஸ்டர்' என்று இருக்கிறது. லோட் என்றால் பாரம். அட்ஜஸ்டர் என்றால் சரிசெய்பவர். பாரத்தைச் சரிசெய்பவர். தையலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. ஆங்கில மிஸ்ஸிடம் கேட்டேன். "லாரி சம்பந்தப்பட்டதா இருக்கும். நீ முதல்ல மாதத் தேர்வுக்குப் படி" என்றார்.

ஒரு முனையில் 'ஆஃப்ட்' என்ற சொல் இருக்கிறது. அகராதியில் பார்த்தேன்: கப்பலின் பின்பக்கம். ஆகவே இது கப்பலைச் சேர்ந்தது என்று முடிவு செய்து அக்காவிடம் சொன்னேன்.

"சூலூர்ல ஏதுடி கப்பலு? நொய்யல் ஆத்துல வந்துச்சா?"

அம்மா போன பிறகு அக்கா சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு இருவரும் பருப்பு கடைந்தோம்.

ஆகஸ்ட் 10

கரண்ட் இல்லை.

ஆகஸ்ட் 12

கோலின் ஓரத்திலிருந்து 'இ' வரிசையின் ஏழாவது கோடு வரைக்கும் என் ஸ்கேலை வைத்து அளந்தேன். இப்படியே சீட்டில் இருந்த எல்லாவற்றையும் அங்குலத்துக்கு மாற்றி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அப்பாவின் பழைய வேட்டியை விரித்து அந்த அளவில் வெட்டி, பெருந்தையல் போட்டுத் தன் மேலேயே வைத்துப் பார்த்தாள். கழுத்து வயிறு வரைக்கும் இறங்கியது. கை முழங்கை தாண்டித் தொங்கியது.

"இதப் போட்டுட்டு மணமேடைல உக்காந்தா மாப்ள எந்திரிச்சு ஓடிருவான். இதுக்குள்ள நீயும் நானும் சேந்தே புகுந்துக்கலாம்."

அம்மா எப்போதும் மதியத்தில், நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வெட்டுவாள். வந்து பார்க்கும்போது துண்டுகள் வெட்டி அடுக்கியிருக்கும். படிப்பு முடிந்து வீட்டில் இருந்த மாதங்களிலும் அக்கா காஜாவிலேயே குனிந்திருந்தாள். எங்கள் இருவரில் ஒருவர்கூட ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14

சாப்பிடும்போது அப்பா பேசினார். தறிக்குப் போய் வருகிறாரே தவிர வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. வேட்டியில் வெட்டிய துண்டுகள் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"கோகிலா, வெட்டறது கைக்கு வந்துருமா?"

"தெரியலீங்கப்பா. அளவு புடிபட்டா வந்துரும்."

"வந்துதுன்னா நீ இங்கயே இரு. உங்கம்மா பாத்த வேலைய வெளிய உடவேண்டாம். தையல் தெரிஞ்சவள மில்லுக்கு அனுப்பறதுல அர்த்தமில்ல." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "அப்பறம் சின்னவ போகட்டும். சென்னியப்பனுக்குச் சொல்லு குடுத்திருக்கறேன். ஒருத்தி போயே ஆகோணும். ஒண்ணாந் தேதி வேன் வருது."

"யசோதா பத்தாவதுங்கப்பா," என்றாள் அக்கா.

"தெரியுது."

எனக்கு மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

மில் விடுதியில் டிவி உண்டு, நூலகம்கூட உண்டு என்று சென்னியப்பன் அண்ணன் முன்பு சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு சுலோச்சனா அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. பொங்கலுக்கு வந்திருந்தபோது அவளிடம் நூலகத்தைப் பற்றிக் கேட்கப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற வரைக்கும் தூங்கினாள்.

ஆகஸ்ட் 16

ஷீஜா அக்கா தைக்கக் கொடுத்த உள்பாவாடைத் துணியை வாங்கிப்போக வந்தார். விமானப்படைக் குடியிருப்பில் இருக்கிறார். கேரளாக்காரர். அவர் வீட்டுக்காரர் விமானத்தில் சாமான் ஏற்றுகிற பிரிவில் வேலை செய்கிறார். அம்மாவிடம் மட்டும்தான் தைப்பார்.

மெஷின் மேல் கிடந்த சீமைக்கோலை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தா மோளே இது? எங்கிருந்து கிட்டி?"

"தையல் கோலுங்க்கா. இது சட்டை, இது கை, இது பஃப்," என்று படத்தைக் காட்டி விளக்கினேன்.

ஷீஜா அக்கா என் முகத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் அடங்காமல் சிரித்தார். "ஐயோ! சட்டையா? இது பிளேன் ஆணு! மேல இருந்து பாத்தா இப்படி. இது ரெக்கை. இது வால். உன் பஃப் இருக்கில்லே, அது எஞ்சின்!"

அந்த நேரத்தில் கூரைக்கு மேல் ஒரு விமானம் போனது. எங்கள் வீட்டுக்கு மேல் தினமும் போகும். அம்மா அந்தச் சத்தத்தில்தான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஷீஜா அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "சாந்தாமணி சேச்சி இதை வெச்சா தைச்சாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கோலைப் பார்த்து ஒரு படம் வரைந்து கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் காட்டிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். உள்பாவாடைத் துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "கோகிலா தைக்கட்டே" என்று வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 18

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஷீஜா அக்கா கூப்பிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

இது டக்கோட்டா என்ற பழைய ராணுவ விமானத்தின் கருவி. உலகப்போர்க் காலத்தது. அந்த விமானம் இப்போது பறப்பதில்லை. உள்ளே எந்த அறையில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று இதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். ஏ, பி, சி என்பவை விமானத்தின் அறைகள். முன்னால் பாரம் கூடினால் மூக்குக் குத்தும், பின்னால் கூடினால் வால் இழுக்கும். வால் பக்கத்து அறையில் வைக்கிற ஒரு மூட்டை நடுவில் வைக்கிற மூட்டையைவிட அதிகம் இழுக்கும். அதனால்தான் வரிசைக்கு வரிசை இடைவெளி வேறு.

"ஒரு விசயம் சேட்டன் முக்கியமா பறஞ்ஞு. ஓரத்துல இருந்து யாரும் தொடங்க மாட்டாங்க. ஒண்ணும் ஏத்தாத பிளேனுக்கும் ஒரு நம்பர் உண்டு. சிவப்புக் கோட்டை முதல்ல அதுல வெக்கணும். பின்னேதான் கணக்கு."

காலி என்றால் சுழியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஊசியால் கீறியது போல ஒரு கீறல். அந்தக் கீறலுக்குள், அம்மா துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் பொடி அடைந்து போயிருக்கிறது. நீலம், வெள்ளை, மறுபடி நீலம். மற்ற இடங்களில் அப்படி இல்லை.

அக்கா குழாயடியில் இருந்தாள். அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றையும், பெட்டியில் இருந்த அவள் அளவுச் சீட்டையும் எடுத்தேன். கீறலிலிருந்து அளந்து பார்த்தேன். கழுத்து சரி. கை சரி. தோள் சரி.

ரவிக்கையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். கீறலின் மேல் இருந்த தகட்டைத் தள்ளி நகர்த்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 19

எழுத ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 20

அக்கா இன்றைக்கும் வெட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு அளவிலும் பாதியைக் குறைத்தாள். கை சின்னதாகிவிட்டது, தோள் ஏறவில்லை. வேட்டி முடிந்துவிட்டது. தலையணை உறையில் வெட்டினாள்.

"ஷீஜாக்கா ஏதாச்சும் சொன்னாங்களாடி?"

பார்க்கவில்லை என்று சொன்னேன்.

வரலாற்றில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு. வகுப்பில் முதல். வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். நாளைக்கு வள்ளிநாயகி அக்கா பட்டுத் துணியை எடுத்துக்கொள்ள வருகிறார்.

"ரேசன் கார்டு அரிசி டின்னுக்கு அடில இருக்கு. அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டுன்னா டிபன்ல மோர் ஊத்தாத, புளிச்சுப் போகும். ஸ்டவ் திரி எறங்கிச்சுன்னா இப்படி ஏத்தோணும். இங்க புடி. சுட்டுக்காத."

நான் பிடித்தேன்.

"தலைக்கு நீயே எண்ணெ வெச்சுக்கோ. பரீட்சை வரைக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்கு ஊத்துனாப் போதும். ராத்திரி அப்பா இல்லாதப்ப கதவுக்கு ரெண்டு தாப்பாளும் போட்டுக்கோ. பயந்தீன்னா சுலோச்சனா அம்மாவக் கூப்புடு." இதையெல்லாம் அவள் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. அரிசி அளந்து கொடுப்பது போலச் சொன்னாள்.

"கீறல்ல இருந்து அளக்கோணும்," என்றேன்.

"என்ன?"

"ஓரத்துல இருந்து இல்ல. உள்ள ஒரு கீறல் இருக்கு. சிவப்புக் கோட்ட அங்க வெச்சுட்டு அங்கிருந்து அளக்கோணும். ஷீஜாக்கா இன்னிக்குச் சொன்னாங்க."

அக்கா ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினாள். தலையணை உறையின் மீதித் துணியில் வெட்டினோம். பெருந்தையல் போட்டு உற்றுப் பார்த்தோம். பிருந்தாவின் தோள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அது அவளுடைய தோள்தான்.

அரக்குப் பட்டில் முதல் வெட்டு வைக்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணைத் தொறந்துட்டு வெட்டுக்கா" என்றேன்.

ஆகஸ்ட் 24

பிருந்தா வந்து போட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. பின் கழுத்தில் துணி படிந்து நின்றது. வள்ளிநாயகி அக்கா மகளைச் சுற்றி வந்தார், தோளைத் தடவிப் பார்த்தார்.

"சாந்தாமணியே எந்திரிச்சு வந்து தெச்ச மாதர இருக்குது," என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "மத்த ஆறு ஜாக்கெட்டும் உனக்குத்தான் அம்மிணி. சம்பந்தி வீட்டுதும் வாங்கித் தாரேன்."

ஷீஜா அக்கா தன் உள்பாவாடைக்காக வந்திருந்தார். அவரும் கைதட்டினார். "கண்டோ! சேட்டன் பறஞ்ஞது சரியாயி. செவ்வாய்க்கிழமையே பஸ் ஸ்டாப்புல வெச்சு யசோதாட்ட எல்லாம் சொன்னேன். புத்தியுள்ள குட்டி, உடனே பிடிச்சிட்டா." பிறகு சொன்னார், "இந்தக் கருவியைக் காட்சிக்கு வெக்கக் கிட்டுமான்னு சேட்டன் கேக்கறாரு."

"தர முடியாதுங்க்கா. அது வேலைல இருக்குது," என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அக்கா என்னைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் இருந்த நாட்களை அவள் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

ஆகஸ்ட் 26

அப்பா சென்னியப்பன் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். சின்னவள் வருவாள் என்று. தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தேன். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். அகராதியையும்.

அக்கா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு போட்டு வைக்கிறாள்.

ஆகஸ்ட் 29

மதியம் அக்கா, "இங்க வந்து நில்லு" என்றாள். டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தாள். கையைத் தூக்கு, திரும்பு, நிமிந்து நில்லு என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. மில்லில் போட்டுக்கொள்ளத் தைக்கிறாள் என்று நினைத்தேன். விரித்தபோது பார்த்தேன், நீலத் துணி. பள்ளிக்கூட நீலம்.

அப்பா தறியிலிருந்து வந்தபோது பாவாடை கதவுக் கொண்டியில் தொங்கியது. கீழே ஓரத்துக்கு மேல் இரண்டு மடிப்புகள் பிடித்துத் தைத்திருந்தது. அப்பா துணி தெரிந்தவர். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதென்ன ரெண்டு மடிப்பு?"

"ஒண்ணு பதினொண்ணாவதுக்குங்கப்பா. அடுத்த வருசம் பிரிச்சு உட்டுக்கலாம்."

"இன்னொண்ணு?"

"பன்னண்டாவதுக்கு."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா பாவாடையைக் கொண்டியில் நேராக்கி விட்டார். பிறகு கால் கழுவப் போனார்.

செப்டம்பர் 1

வேன் வந்தது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எந்த உடையைப் போட்டுக்கொள்வது என்று யாரும் சொல்லாததால் வீட்டுப் பாவாடையில் இருந்தேன்.

அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"புள்ள ரெடிங்களா?" என்று சென்னியப்பன் அண்ணன் கேட்டார்.

"புள்ள வரலீங்க."

"எந்தப் புள்ள?"

"ரெண்டும்."

அண்ணன் வேன் எஞ்சினை அணைத்தார். "ஆறுச்சாமி, சொன்ன சொல்லு என்னாச்சு? உங்க வாய நம்பித்தான ஆளக் கணக்குக் காட்டி வெச்சிருக்கறேன்?"

"சொல்லு மாறிட்டனுங்க. ஏசோணும்னா ஏசுங்க. நின்னு கேட்டுக்கறேன்."

சென்னியப்பன் அண்ணன் ஏசினார். தெரு முழுக்கக் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியதைச் சொன்னார், அம்மா பெயரைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். அப்பா சொன்னபடி நின்று கேட்டார். ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை. வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

செப்டம்பர் 2

புதுப் பாவாடையில் பள்ளிக்கூடம் போனேன். நூலகத்தில் அகராதியை மறுபடி என் பெயரில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மடிப்பும் கனம். நடக்கும்போதெல்லாம் கணுக்காலில் இடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன்.

அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "இடிக்கட்டும்."